முதல் ஆறு மாதம்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறேன் என்று
ஷெட்டியிடம் சொல்லிவிட்டு
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
மருந்துக்கடையை விட்டு வெளியேறினேன்.
கைப்பையில் மஞ்சள் சட்டை.
பத்தாம் எண்ணில் பூஜ்யம் உரிந்து
ஒன்று மட்டும் மிஞ்சியது.
பார்ப்பவர்கள் கோல்கீப்பரின் ரசிகை என்கிறார்கள்.
மறுப்பதில்லை.

அசோக்நகர் மைதானம், கிழக்கு காலரி.
மழைக்கு முந்திய புழுக்கம் சிமென்ட் படியில் ஏறியிருந்தது.
அமிலக் குறைப்பு மாத்திரை விளம்பரத்தை
விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.
எங்கள் மர்ஃபி டவுன் மின்னல் கழகம்
இறுதி ஆட்டத்துக்கு வந்து
இருபத்தாறு வருடம் ஆகிறது.
அப்போது எனக்கு இரண்டு வயது,
தோற்றதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

எதிரே பம்ப் கம்பெனி அணி:
மாதச் சம்பளம், பி.எஃப்., பதினொரு பேருக்கும் ஒரே நிறக் காலுறை.
எங்கள் ரொசாரியோ
விடிகாலையில் பால் பாக்கெட் போட்டு முடித்து
அதே சைக்கிளில் வந்திருந்தான்.

தமிழில் திட்டினோம்.
நடுவரிடம் கன்னடத்தில் கெஞ்சினோம்.
பந்து கம்பத்தில் பட்டபோது
காலரி முழுக்க ஒருமுறை உருதுவில் பெருமூச்சு விட்டது.

அவர்கள் ஒன்று போட்டார்கள்.
அதற்கப்புறம் ஆட்டத்தைப் பார்த்தேனா
என் முழங்காலைப் பார்த்தேனா, தெரியவில்லை.
எண்பத்தி நாலாவது நிமிடம்
இம்தியாஸின் தலையில் பட்டதா தோளில் பட்டதா
என்று டீக்கடையில் இன்னமும் சண்டை நடக்கிற பந்து
தானாக நடந்து போனதுபோல்
வலைக்குள் போய் உட்கார்ந்தது.
பக்கத்தில் இருந்த ஹெல்மெட்டை
இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே ஒருவருடைய தலை இருந்தது.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மழை. கூடுதல் நேரம். மழை.
பெனால்டியில் ஏழுக்கு ஏழு.
எட்டாவதை அவர்களுடைய ஆள் வானத்துக்கு அடித்தான்.
இது போனால் கோப்பை.
ரொசாரியோ பந்தை வைத்தான்.
எடுத்தான். சட்டையில் துடைத்தான். வைத்தான்.

விளக்குகள் போயின.

ஜெனரேட்டர் இருக்கிறதாம்.
டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்பதில்
சங்கத்துக்குள் போன மாதமே தகராறாம்.
நாற்பது நிமிடம் ஈரத்தில் நின்றோம்.
பிறகு ஒலிபெருக்கி இல்லாத ஒரு குரல்
மைதானத்தின் நடுவிலிருந்து கத்தியது:
இரண்டு அணிக்கும் கோப்பை.
ஆளுக்கு ஆறு மாதம்.
முதல் ஆறு மாதம் யாருக்கு என்று சுண்டிப் பார்ப்போம்.

சுண்டிய நாணயம் சேற்றில் விழுந்து தொலைந்தது.
வாழ்நாளெல்லாம் காத்திருந்த இறுதி ஆட்டத்தில்
கடைசியாக நான் பார்த்தது இதைத்தான்:
முப்பது ஆண்கள் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து
ஐந்து ரூபாயைத் தேடுகிறார்கள்.

கிடைத்தது. பம்ப் கம்பெனிக்கு விழுந்தது.
அவர்களும் முழுசாகக் குதிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.
பந்தின் மேல் ஒரு கால், அவ்வளவுதான்.
ரொசாரியோ அந்தப் புள்ளியை விட்டு நகர்ந்திருக்கவே இல்லை.
காது கொடுத்துக் காத்திருந்தோம்.
கம்பத்தில் பட்டிருந்தால் கேட்டிருக்கும்.
வலையில் விழுந்தால் கேட்காது.
வெளியே போனாலும் கேட்காது.

எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல்
அந்த ஹெல்மெட்காரர்
பாதி வேர்க்கடலையை என் கையில் கொட்டினார்.
கும்மிருட்டில் தின்றோம்.
எந்த அணிக்காரர் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை
கன்னத்தில் பஞ்சு, தொண்டையில் குரல் இல்லை.
காலாவதித் தேதிகளைக் குறித்து வைக்கும் காலண்டரில்
ஜனவரி பதினேழைச் சுற்றி வட்டம் போட்டேன்.
"என்ன சரக்கு அது?" என்றார் ஷெட்டி.
கையை மட்டும் விரித்தேன்.
"பல் போயிற்றா?"
தலையாட்டினேன்.
"நேற்று இடது பக்கம்தானே வலி என்றாய்?"